யானைக்குக் கொஞ்சம் துரு

கம்பி என்று அவனை வீட்டில் கூப்பிட ஆரம்பித்தது அக்காதான். ஆள் ஒல்லி என்பது ஒரு காரணம். சட்டைப் பைக்குள் கையை விட்டால் கைக்குட்டைக்குப் பதில் ஒயர் வரும் என்பது இன்னொரு காரணம். அவன் வெளியில் சொல்லிக்கொள்ளும் உத்தியோகம் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது. அதாவது, "ஆன் ஆக மாட்டேங்குது" என்று யாராவது ஆசிரியர் கூப்பிட்டால் போய் ப்ளக்கைச் செருகிவிட்டு, ஏதோ பெரிய கோளாறைச் சரிசெய்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி வருவது. மனசு முழுக்க இருந்த உத்தியோகம் வேறு. பழைய எலெக்ட்ரானிக் பொம்மைகளின் வயிற்றைத் திறந்து, உள்ளே இருக்கும் போர்டை எடுத்து, அதை ஒரு சிந்தசைசர் மாட்யூல் ஆக்குவது.

அது என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு விளக்கம் வைத்திருந்தான். முழுதாகச் சொன்னால் கேட்டவர் பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவார். சுருக்கம் இதுதான்: ஒரு மரப்பெட்டி. அதில் வரிசையாக அலுமினியத் தகடுகள். ஒவ்வொரு தகட்டுக்குப் பின்னாலும் ஒரு பொம்மையின் போர்டு. முன்னால் திருகுவதற்குக் குமிழ்கள், கேபிள் செருகுவதற்குத் துளைகள். ஒன்றின் வாயிலிருந்து இன்னொன்றின் காதுக்குக் கேபிள் போட்டுக் குமிழைத் திருகினால், குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஆமை தேள் கொட்டியது போல அலறும். பொம்மை டெலிபோனில் இனிமையாக ஹலோ சொன்ன பெண்மணி கிணற்றுக்குள்ளிருந்து சாபம் விடுவாள். கம்பிக்கு இது சங்கீதம். பல் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் நாள் முழுக்க முனகல் கேட்டுவிட்டு வரும் அக்காவுக்கு இது இரண்டாவது ஷிஃப்ட்.

பட்டறை, அவன் தங்கியிருந்த அக்கா வீட்டுப் பால்கனி. அதில் பாதி வாஷிங் மெஷினுக்கு, பாதி கம்பிக்கு. மெஷின் சுற்றும்போது அவன் மேஜையும் சேர்ந்து ஆடும் என்பதால், அந்த நேரத்தில் சால்டரிங் கிடையாது என்று ஒரு சட்டம் இருந்தது. ஒருமுறை அவன் கைக்கடிகாரத்தின் வாரை ஆமையோடு சேர்த்துப் பற்றவைத்த பிறகு வந்த சட்டம். இன்னொரு ஏற்பாடும் உண்டு. அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலாவது பொம்மை கெட்டுப்போனால் அக்காவிடம் கொடுப்பார்கள், அக்கா அதை வாஷிங் மெஷின் மேல் வைப்பாள், கம்பி எடுத்துக்கொள்வான். கேள்வி, பதில், நன்றி எதுவும் கிடையாது. மெஷின் மேல் இருந்தால் அது கம்பியுடையது.

வீட்டின் நிர்வாகம் அக்காவின் மகளிடம் இருந்தது. நாலு வயசு. மேனேஜர் என்று பெயர் வைத்தவர் அத்தான். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வருஷக்கணக்கில் மற்றவர்கள் ஓட்டும் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தே வந்ததால், எந்த ஆபத்து வந்தாலும் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடும். சாப்பாட்டு மேஜையில் அக்காவின் குரல் கொஞ்சம் ஏறினாலே போதும், மேஜைக்கு அடியில் அத்தானின் கால் தரையை அமுக்கும்.

மேனேஜருக்கு ஒரே ஒரு பலவீனம், யானை. சாம்பல் நிறத் துணி யானை. அக்காவோடு வேலை பார்க்கும் ஒருத்தியின் பையன் வளர்ந்துவிட்டதால் கைமாறி வந்தது. வயிற்றை அமுக்கினால் வார்த்தை இல்லாமல் ரெண்டு வரி முனகும். மத்தியானம் மேனேஜர் தூங்க வேண்டுமானால் யானை முனக வேண்டும். யானை முனகினால்தான் வீட்டில் மற்றவர்கள் மனிதர்களாக உட்கார முடியும்.

அந்த வாரம் கம்பி ஒரு அடிக்குரலைத் தேடி அலைந்துகொண்டிருந்தான். சனிக்கிழமை மத்தியானம் நூலகத்தின் கீழ்த்தள அறையில் அவனுக்கும் அவன் கூட்டாளிக்கும் முதல் கச்சேரி. கூட்டாளி செல்போன் பழுது பார்ப்பவன். பிறர் போனில் வரும் அழைப்பு மணிகளைக் கேட்டே தாள ஞானம் வளர்த்துக்கொண்டவன். பெட்டியில் அலறுகிற பொம்மைகள் நிறைய இருந்தன. தாங்கிப் பிடிக்கிற குரல் ஒன்றுகூட இல்லை.

"எல்லாம் மேலயே கத்துது. கீழ ஒருத்தன் நிக்கணும்டா" என்று கூட்டாளி சொல்லிக்கொண்டே இருந்தான்.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வந்தபோது வாஷிங் மெஷின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருந்தது. ஸ்பீக்கர், போர்டு, பேட்டரிக்கு இடம். ஸ்பிரிங் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போயிருந்தது. என்றோ பேட்டரி கசிந்த அடையாளம். பாவம், யாரோ கவனிக்காமலே விட்டிருக்கிறார்கள் என்று கம்பி மனசார வருத்தப்பட்டான். உப்புத்தாளை எடுத்து ஸ்பிரிங்கைப் பளபளவென்று தேய்த்தான். போர்டை வெளியே எடுத்தான். வேகத்தைத் தீர்மானிக்கிற ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு குமிழை வைத்தான். திருகியதும் கடலுக்கடியில் கப்பல் கொட்டாவி விடுவது போல ஒரு குரல் வந்தது. இதுவரை எங்கேடா இருந்தாய் என்று அதைத் தடவிக்கொடுத்தான்.

அது இருந்த இடம் யானையின் வயிறு. அக்கா யானையைத் துவைப்பதற்காகத் தையலைப் பிரித்து, டப்பாவை எடுத்து, நனையக்கூடாதே என்று மெஷின் மேல் வைத்திருந்தாள். மெஷினுக்குள் யானை, மேலே யானையின் குரல். யானை இல்லாமல் பார்த்ததால் கம்பிக்கு அது யானை என்று தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் யானை காய்ந்தது.

"டேய், மெஷின் மேல ஒரு டப்பா வெச்சேனே?" என்றாள் அக்கா, கையில் ஊசி நூலோடு.

"எந்த டப்பா?"

"யானையோட டப்பா."

கம்பி மரப்பெட்டியைப் பார்த்தான். அலுமினியத் தகடு போட்டு, நாலு திருகு முடுக்கி, 'கப்பல்' என்று பெயரும் எழுதியாகிவிட்டது.

"கொஞ்சம் உக்காரு, தரேன்" என்றான்.

"அது நான் ஆஸ்பத்திரியில சொல்ற வசனம். எங்க டப்பா?"

இதையெல்லாம் கதவோரம் நின்று மேனேஜர் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் வயிறு ஒட்டிப்போன யானை. பெட்டியைப் பார்த்தாள், மாமனைப் பார்த்தாள், யானையின் காதை மூடினாள்.

கம்பி பதறவில்லை. இதெல்லாம் ஒரு வேலையா. போர்டைக் கழற்றினான், குமிழை எடுத்துவிட்டுப் பழைய ரெசிஸ்டரையே திரும்ப வைத்தான், புது பேட்டரி போட்டான், பளபளக்கும் ஸ்பிரிங்கை இன்னொரு தடவை துடைத்தான். அக்கா உள்ளே வைத்துத் தைத்தாள். முன்னைவிட நன்றாக இருக்கும் என்று வாக்குக் கொடுத்துத்தான் யானையை ஒப்படைத்தான்.

மேனேஜர் வயிற்றை அமுக்கினாள். யானை கணீரென்று, விறுவிறுப்பாக, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் போல ரெண்டு வரியையும் பாடி முடித்தது.

"இது யாரு?" என்றாள் மேனேஜர்.

"நம்ம யானைதான் மேடம்."

"இல்ல. உள்ள வேற யாரோ உக்காந்திருக்காங்க."

"அதே யானைதான். உடம்பு சரியாயிடுச்சு."

"அதுக்கு உடம்பு நல்லாத்தான் இருந்திச்சு" என்று சொல்லிவிட்டு, யானையைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்காரவைத்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் அவள் தூங்கவில்லை. மறுநாளும் தூங்கவில்லை. தூங்காத மேனேஜர் சாயங்காலமானால் எதற்கு அழுகிறோம் என்று தெரியாமலே அழுதாள். சாம்பார் என்றில்லை, தயிர் என்றில்லை, எதை வாயில் வைத்தாலும் அழுதாள். பிறகு தட்டிலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனாள். அத்தானின் கால் பிரேக்கிலிருந்து எழவே இல்லை. இதுவும்கூடப் பரவாயில்லை. கம்பியை நிஜமாகவே கலக்கியது வேறு ஒன்று.

"அம்மா, அந்த அங்கிள் அங்க இருக்காரு. அவர் போனப்புறம் நான் பால்கனிக்கு வரேன்."

அங்கிள். வீட்டுக்கு வரும் கேஸ்காரர் அங்கிள். மேல்மாடியில் தும்முகிறவர் அங்கிள். கம்பி மாமாவாக இருந்தவன். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி முதலில் கையில் கொடுத்தபோது, பிடிக்கத் தெரியாமல் கம்ப்யூட்டர் மானிட்டரைத் தூக்குவது போலத் தூக்கி நின்ற மாமா.

"என்னை 'அவர்'னு சொல்றா" என்றான் அக்காவிடம்.

"மரியாதை தராளேன்னு சந்தோஷப்படு."

"அக்கா."

"என்கிட்ட அக்கான்னு கொஞ்சாத. போய்ச் சரி பண்ணு. எனக்கும் தூக்கம் வேணும்."

கம்பி யானையின் தையலை மறுபடி பிரித்து, போர்டில் குமிழை வைத்து, மேனேஜரின் அறைவாசலில் உட்கார்ந்தான். அவள் கட்டிலில் சாய்ந்து, பேட்டி எடுப்பவள் போல கையைக் கட்டிக்கொண்டாள். அவன் குமிழைத் திருகத் திருக, யானை கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. லீவு நாள் மத்தியானமெல்லாம் பக்கத்து அறையில் முனகிய யானையின் குரல் எப்படி இருந்தது என்று அவனுக்கு நினைவே இல்லை. ஊரில் உள்ள ஓட்டைப் பொம்மைகளின் சத்தத்தையெல்லாம் காது கொடுத்துக் கேட்டவன், வீட்டு யானையைக் கேட்டதில்லை.

"இதுவா?"

"இல்ல. இது அவசரமா இருக்கு."

"இது?"

"இது தூக்கம் இல்ல, ஜுரம்."

"இது?"

மேனேஜர் தலையைச் சாய்த்தாள். "கிட்ட வந்துடுச்சு. ஆனா மூச்சு விடல."

"யானை எங்கடா மூச்சு விடும்?"

அவள் பொறுமையிழந்து தானே முனகிக் காட்டினாள். முதல் வரி நேராகப் போயிற்று. கடைசிச் சுரம் வந்ததும், நாள் முழுக்க நின்றவர் நாற்காலியைப் பார்த்தது போலத் தோளைத் தொங்கவிட்டாள். குரலும் கூடவே சரிந்து இறங்கியது. இரண்டாவது வரியிலும் அப்படியே.

கம்பி குமிழிலிருந்து கையை எடுத்தான். குமிழால் வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். குறைத்தால் முழுப் பாட்டும் ஒரே சீராகக் குறையும். வரியின் முடிவில் மட்டும் சரிய வேண்டுமென்றால், யானை ஓங்கிப் பாடும் அந்தக் கடைசிச் சுரத்தில் அதற்குப் போதுமான மின்சாரம் கிடைக்காமல் போயிருக்க வேண்டும். ஏன் கிடைக்கவில்லை? வழியில் ஏதோ தடுத்திருக்கிறது. என்ன தடுத்தது?

அவன் பளபளக்கும் ஸ்பிரிங்கைப் பார்த்தான். பக்கத்தில் கிடந்த உப்புத்தாளைப் பார்த்தான்.

"துரு" என்றான்.

"என்ன?" என்றாள் அடுக்களையிலிருந்து அக்கா.

"உன் பொண்ணைத் தூங்கவெச்சது துரு. நான் அதைத் தேய்ச்சு எடுத்துட்டேன்."

"நீ எதைத்தான் விட்டுவெச்ச?"

பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டுப் பார்த்தான். கணக்குப்படி அதுதான் சரி. யானை வரி முடிவில் சரிந்தது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே அளவு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல. மேனேஜர் மூன்று நான்கு முறை கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது நடிக்குது" என்றாள்.

நடிக்கத்தான் செய்தது. துரு அப்படிக் கணக்குப் பார்த்துத் தடுக்காது. ஒரு சமயம் விடும், ஒரு சமயம் பிடிக்கும். வீட்டில் துரு தேடும் படலம் தொடங்கியது.

"அக்கா, நம்ம வீட்டுல துருப்பிடிச்ச ஸ்பிரிங் ஏதாச்சும் இருக்கா?"

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "நான் வீடு வெச்சிருக்கற லட்சணத்துக்கு இது ஒரு கேள்வியா?"

"இருந்தா நல்லா இருக்கும்னு கேட்டேன்."

"இருக்காது. இருக்கவும் விடமாட்டேன்."

பால்கனிக் கொக்கி, குளியலறை ஜன்னல், பழைய குடை எல்லாவற்றையும் பார்த்தான். அக்காவின் சுத்தம் எங்கும் தோற்கவில்லை. துரு தேவைப்படுகிறவனுக்குத்தான் அது எவ்வளவு அரிய பொருள் என்று தெரியும். கடைசியில் அத்தான்தான் தொண்டையைச் செருமினார். அவர் குற்றவாளி போல நின்ற விதத்திலேயே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

"மாப்ள, வண்டியில ஒரு டார்ச் இருக்கு."

"தூக்கிப் போடச் சொன்னேனே, அதுவா?" என்றாள் அக்கா.

அத்தானின் கால் தரையை அமுக்கியது. "ரெண்டு தட்டு தட்டினா எரியும்மா. பாவமா இருந்திச்சு."

டார்ச் வந்தது. மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு ஸ்பிரிங், பச்சைப் பாசியும் வெள்ளைப் பொடியும் மண்டி, பார்க்கவே கண்கொள்ளாக் காட்சி. கம்பி அதைக் குறட்டால் அலுங்காமல் எடுத்தான். ஒரு பொடி உதிர்ந்துவிடக்கூடாது என்று அத்தான் உள்ளங்கையைக் கீழே ஏந்திக்கொண்டு கூடவே நடந்தார். அக்கா ஒருத்தி மட்டும், "இதைக் குழந்தை வாயில வெக்காம பாத்துக்கணுமே" என்று நினைவாகச் சொன்னாள். டப்பாவுக்கு உள்ளே ஸ்பிரிங்கை வைத்து, மூடியைத் திருகு போட்டு இறுக்கி, மேலே பசையும் தடவினான்.

மேனேஜர் அமுக்கினாள். யானை தயங்கியது. யோசித்தது. பிறகு, யாரோ கெஞ்சிக் கேட்டதற்காகப் பாடுவது போல முதல் வரியைத் தொடங்கி, கடைசிச் சுரத்தில் அப்படியே சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டது. இரண்டாவது வரியில் பெருமூச்சு இன்னும் கொஞ்சம் நீளம்.

"வந்துட்டியா" என்றாள் மேனேஜர் யானையிடம்.

கம்பி காத்திருந்தான்.

"அங்கிள், கதவைச் சாத்திட்டுப் போங்க. யானைக்குத் தூக்கம் வருது."

சாத்திவிட்டு வந்தான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, முதல்முறையாக யானையை முழுசாகக் கேட்டான். குமிழ் வைத்து அவன் திருகியெடுத்த கப்பல் குரல் இதற்குப் பக்கத்தில் நிற்க லாயக்கில்லை. கூட்டாளி கேட்ட 'கீழ நிக்கறவன்' இவன்தான். ஆனால் மேனேஜரிடம் போய் யானையைக் கேட்கிற தைரியம் கம்பிக்கு இல்லை.

சனிக்கிழமை காலையில் அக்காதான் தூது போனாள். திரும்பி வந்து நிபந்தனைகளைச் சொன்னாள். யானையின் குரல் கச்சேரிக்குப் போகலாம். யானை மேனேஜர் மடியை விட்டு இறங்காது. வயிற்றை மேனேஜர் மட்டும்தான் அமுக்குவாள். யானை தூங்கிவிட்டால் யாரும் எழுப்பக்கூடாது.

"ஒயர் ஒண்ணு வேணுமே" என்றான் கம்பி.

"அதையும் கேட்டேன். வால் பக்கம்னா பரவாயில்லையாம். முகத்துல கூடாதாம்."

நூலகக் கீழ்த்தள அறையில் சிறுவர் பகுதியின் குட்டி நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். வந்திருந்த கொஞ்ச பேரும் முழங்காலைக் காதுக்கருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாலையில் அதே அறையில் வாசகர் வட்டம் இருக்கிறது, அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நூலகர் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார். முன்வரிசையில் அத்தான், அக்கா, நடுவில் மேனேஜர். அவள் மடியில் யானை. யானையின் வாலிலிருந்து ஒரு சிவப்புக் கேபிள் புறப்பட்டுத் தரை வழியாக வந்து கம்பியின் பெட்டியில் ஏறியது.

கச்சேரி கூட்டாளியின் திட்டப்படியே தொடங்கியது. முதலில் யானை மட்டும். பிறகு டெலிபோன் பெண்மணி, பிறகு பொம்மைப் பியானோ, அதற்குப் பின் ஆமை. கடைசியில் எல்லாப் பொம்மைகளும் ஒரே சமயத்தில் உச்சத்தில் அலறும். அதுதான் கச்சேரியின் சிகரம். அதற்காகத்தான் கூட்டாளி கடையிலிருந்து பெரிய ஸ்பீக்கரே கொண்டுவந்திருந்தான். மேனேஜர் கண்டிப்பான முகத்தோடு, தேவையான இடத்தில் எல்லாம் யானையை அமுக்கினாள். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

ஆமை நுழைந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். யானை நிற்காமல் பாடுவதைக் கம்பி கவனித்தான். ஒரு பாட்டு முடிந்தவுடன் அடுத்தது, அது முடிந்தவுடன் அடுத்தது. நிமிர்ந்து பார்த்தான். மேனேஜர் அக்காவின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கை யானையின் வயிற்றின் மேல் கனமாகக் கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் கை அமுக்க, யானை பாடியது.

கூட்டாளி கண்ணைக் காட்டினான். இப்போது, சிகரம்.

கம்பியின் கை பெரிய குமிழின் மேல் இருந்தது. அக்கா அவனைப் பார்த்தாள். முகத்தில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் அறைக் கதவைப் பார்க்கும் அதே முகம். அத்தானின் கால் தரையோடு ஒட்டியிருந்தது.

கம்பி ஆமையின் குமிழை மெதுவாகத் திருகி அடக்கினான். பிறகு பியானோவை இறக்கினான். கூட்டாளி, என்னடா பண்றே என்று உதட்டை மட்டும் அசைத்தான். கம்பி விரலால் முன்வரிசையைக் காட்டினான். கூட்டாளி பார்த்தான், ஒரு வாரக் கனவை விழுங்கிக்கொண்டு, தாளத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் மேஜையில் விரல் நுனியால் தட்டுகிற அளவுக்கு வந்து சேர்ந்தான். டெலிபோன் பெண்மணிகூடச் சாபத்தை நிறுத்திவிட்டாள். பெரிய ஸ்பீக்கரில் யானை மட்டும் இருந்தது. முனகியது, சரிந்தது, பெருமூச்சு விட்டது. தயங்கியது, மறுபடி தொடங்கியது. குட்டி நாற்காலிகளில் இருந்தவர்களின் தோள்களும் ஒவ்வொரு வரி முடிவிலும் கூடவே இறங்கின. மூன்றாம் வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு முறையாகவே தூங்கினார். அத்தானின் கால் பிரேக்கை விட்டு எழுந்தது.

கச்சேரி எப்போது முடிந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கைதட்ட யாரோ கையைத் தூக்கினார்கள். அக்கா திரும்பி உதட்டில் விரல் வைத்தாள். தூக்கிய கைகள் அப்படியே மடிக்குத் திரும்பின. வந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். வாசகர் வட்டத்துக்காரர்கள் உள்ளே வந்து, நிலைமையைப் பார்த்து, பேசாமல் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தார்கள்.

"நல்லா இருந்திச்சு மாப்ள" என்று அத்தான் காற்றோடு காற்றாகச் சொன்னார். "நான்கூடக் கொஞ்சம் கண்ணயர்ந்துட்டேன்."

"பெட்டியைக் கட்டலாமா?" என்றான் கூட்டாளி.

"கேபிளைப் பிடுங்கினா ஸ்பீக்கர்ல 'டப்'புனு ஒரு சத்தம் வரும்" என்றான் கம்பி.

"ஏன் வருது?"

"நான் பண்ணின மாட்யூல். அப்படித்தான் வரும்."

மேனேஜர் ஒரு கண்ணை மட்டும் பாதி திறந்தாள். சிவப்புக் கேபிள் வழியாகவே பார்வை வந்து அவனிடம் நின்றது.

"மாமா, நீயும் தூங்கு" என்றாள். கண் மூடிக்கொண்டது. கை யானையின் மேல் விழுந்தது.

"சரிங்க மேடம்" என்றான் கம்பி. குட்டி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு, கேபிளின் இந்த முனையைக் கையில் பிடித்தபடி, அது ஆடாமல் உட்கார்ந்தான்.